உயிரியற் பொறியியல் என்னும் கல்வி தோன்றிய வரலாறு

நம் சங்கத்துக் கல்வி நிதியை நாடி ஆண்டுதோறும் வரும் விண்ணப்பங்களில், மருத்துவம், சட்டம், கட்டடப் பொறியியல், கணிப்பொறியியல் முதலாகப் பலர்க்கும் பழகிய பெயர்களோடு, அண்மையில் 'உயிரியற் பொறியியல்' என்னும் புதுப் பெயரொன்றும் காணப்படுகின்றது. ஆங்கிலத்தில் இதனைப் 'பயலாஜிகல் இஞ்சினீயரிங்' என வழங்குவர். இது டாக்டர் படிப்போ, இஞ்சினீயர் படிப்போ என்று உறுப்பினர் பலர் எம்மை வினவியுள்ளனர். மருத்துவத்தில் இடம் பெறாதார்க்கு ஆறுதலாக ஏற்பட்ட படிப்பு இஃதென்று பெரியவர் ஒருவர் தீர்ப்பே கூறிவிட்டார். ஒரு குலத்தின் வரலாறு அறியாது அதன் தகுதியை எடைபோடுதல் தகாதென்று நாம் பிறர்க்கு எடுத்துரைத்து வருகின்றோம். ஒரு கல்வியின் திறத்திலும் அம்முறையே கொள்ளத்தக்கது. ஆகவே, இக்கல்வி எங்கே, எவ்வாறு, எத்தேவை பற்றித் தோன்றியதென்பதை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். 'பொறி' என்பது நம் தமிழில் யந்திரத்தை மட்டும் குறிப்பதன்று. மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்தினையும் ஐம்பொறி என்றே நம் முன்னோர் வழங்கினர். உடலின் உறுப்பையும் கைவினைக் கருவியையும் ஒரே சொல்லாற் சுட்டிய மொழியில், இக்கல்விக்குப் பெயர் தேடி அலையும் இடர்ப்பாடு நேரவில்லை. எனினும், இச்சொல் ஒன்றையே சான்றாகக் காட்டிப் பண்டே இக்கலை நம்மிடம் இருந்ததெனச் சாதிக்க வரும் அன்பர்களோடு யாம் உடன்படோம். சொல் இருந்தது, கலை இருந்ததில்லை.

நுண்ணுயிர்களைக் கொண்டு வேலை வாங்குதல் மட்டும் எல்லா நாட்டிலும் பழமையானது. பாலுக்கு உறை ஊற்றும் இல்லாளும், தோசைக்கு மாவைப் புளிக்க வைக்கும் பாட்டியும், மேனாட்டில் ரொட்டியும் திராட்சை மதுவும் ஆக்கினோரும், கண்ணுக்குத் தோன்றாத உயிர்களைத் தாம் ஏவுவதை அறியாமலே ஏவி வந்தனர். புளித்தல் என்பது உயிருள்ள நுண்பொருள்களின் செயலே என்பதைப் பிரான்சு நாட்டு லூயி பாஸ்டர் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆராய்ந்து நிலைநாட்டினார். அதன் பின்னரும் ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் உயிர்நூல் ஒரு பக்கமும் பொறிநூல் ஒரு பக்கமுமாகவே நடந்தன. அவ்விரண்டினையும் ஒரு தறியிற் பூட்டியது பெனிசிலின் என்னும் மருந்தே. அவ்வரலாற்றைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

1928-ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் ஸெயின்ட் மேரி மருத்துவ நிலையத்தில் அலெக்ஸாண்டர் பிளெமிங் என்பார், தாம் நுண்ணுயிர் வளர்த்த தட்டொன்றில் ஒரு பூஞ்சணம் படிந்து, தன்னைச் சுற்றியிருந்த நுண்ணுயிர்களை அழித்திருக்கக் கண்டார். அது சுரந்த பொருளுக்குப் பெனிசிலின் எனப் பெயரிட்டார். அதனைப் பிரித்தெடுத்து மருந்தாக்குதல் அவரால் இயலவில்லை. பத்தாண்டு கழித்து, ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் ஹாவர்டு புளோரி, எர்ன்ஸ்ட் செயின், நார்மன் ஹீட்லி என்போர் அவ்வேலையை மேற்கொண்டனர். 1940-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள், எட்டுச் சுண்டெலிகளுக்குக் கொடிய நுண்ணுயிரைச் செலுத்தி, அவற்றுள் நான்கிற்கு மட்டும் பெனிசிலின் அளித்தனர். மறுநாட் காலையில் மருந்து பெற்ற நான்கும் உயிரோடிருந்தன; பெறாத நான்கும் மாண்டு கிடந்தன.

மருந்து கிடைத்துவிட்டது என்று இவ்விடத்தில் நாம் மகிழ்வோம். ஆக்ஸ்போர்டார் அவ்வாறு மகிழ இயலவில்லை. பூஞ்சணமோ காற்றுப் படும் மேற்பரப்பில் ஆடைபோலப் படர்வது. ஆகையால் ஆழமற்ற பாத்திரங்கள் எண்ணிறந்தன வேண்டியிருந்தன. போர்க்காலமாதலின் பாத்திரமும் கிடைத்திலது. நோயாளிகள் படுக்கையிற் பயன்படுத்தும் மலச்சட்டி, பாற்குடம், குளிக்கும் தொட்டி ஆகிய யாவும் பூஞ்சணம் வளர்க்கும் கலங்களாயின. பின்னர் ஹீட்லி தாமே ஒரு மட்கலத்திற்கு உருவம் வரைந்து, வேட்கோவர் ஊராகிய ஸ்டோக்கிற் செய்வித்துக் கொணர்ந்தார்.

1941-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள், ஆல்பர்ட் அலெக்ஸாண்டர் என்னும் போலீஸ் சேவகர் ஒருவர்க்கு முதன்முதலாக இம்மருந்தைச் சிகிச்சையாக அளித்தனர். அவர் முகமும் தலையும் சீழ் வைத்து, ஒரு கண்ணும் இழந்து, உயிர்க்கு ஊசலாடிக் கிடந்தார். மருந்து சென்ற சின்னாளிற் காய்ச்சல் தணிந்தது; உணவும் வேண்டினார். ஆயின், உலகத்திலிருந்த மருந்தனைத்தும் சில நாளிலேயே தீர்ந்துபோயிற்று. அவருடைய சிறுநீரைச் சேர்த்து, சைக்கிளில் ஏற்றிப் பிரயோகசாலைக்குக் கொண்டு சென்று, அதில் வெளிப்பட்ட பெனிசிலினை மீட்டெடுத்து மீண்டும் அவர்க்கே செலுத்தினர். அதுவும் முடிந்தது. நோய் திரும்பிற்று. மார்ச்சு 15-ஆம் நாள் அவர் இறந்தார்.

நோயின் காரணம் தெரியாமல் அவர் இறக்கவில்லை. மருந்து கண்டுபிடிக்கப்படாமலும் இறக்கவில்லை. கண்ட மருந்தைப் போதிய அளவு ஆக்கும் வழி தெரியாமையால் இறந்தார். உயிரியற் பொறியியல் என்பது இக்குறையை நிறைக்க எழுந்த கல்வி என்று யாம் கொள்கின்றோம்.

அவ்வாண்டின் நடுவிற் புளோரியும் ஹீட்லியும் அமெரிக்காவுக்குச் சென்று, இல்லினாய் மாகாணத்துப் பியோரியா நகரில் அரசாங்க வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தாரின் உதவியை நாடினர். அங்கே மக்காச்சோளத்தை ஊறவைத்து மிகுந்த கழிவுநீரைப் பூஞ்சணத்திற்கு உணவாக்கியபோது விளைவு பன்மடங்கு பெருகிற்று. 1943-ஆம் ஆண்டு அந்நகரில் அழுகிய முலாம்பழம் ஒன்றிலிருந்து கிடைத்த பூஞ்சணம் முன்னையதினும் மிகுதியாகச் சுரந்தது. எனினும், பரப்பில் வளர்ப்பதை விட்டு ஆழத்தில் வளர்த்தாலன்றி உலகத்துத் தேவை நிறைவுறாதென்பது தெளிவாயிற்று.

ஒரு படி பாலுக்கு உறை ஊற்றத் தெரிந்தவர் ஆயிரம் படிக்கும் அவ்வாறே ஊற்றலாமே என்று தோன்றும். அஃது அத்துணை எளிதன்று. பூஞ்சணத்திற்கு நம்மைப்போலவே பிராணவாயு வேண்டும். நம் ஊர் வெப்ப நிலையில் ஒரு லிட்டர் நீரிற் கரைந்து நிற்கும் பிராணவாயு ஏறக்குறைய 8 மில்லிகிராமே. செழித்து வளரும் நுண்ணுயிர்க் கூட்டம் அதனை ஒரு நிமிடத்திற்குள்ளாகவே உண்டு தீர்த்துவிடும். ஆதலின் தொட்டியின் அடியிலிருந்து ஓயாது காற்றைச் செலுத்தி, அதனைச் சிறு குமிழிகளாகச் சிதறுமாறு சுழல்துடுப்பாற் கலக்கவேண்டும். மிகக் கலக்கினாலோ பூஞ்சண இழைகள் அறுபடும். நுரை பொங்கி வழியும். மேலும், வளரும் உயிர் சூட்டை வெளிவிடும். தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இருமடங்காக்கினாற் கொள்ளளவு எண்மடங்காகும். புறச்சுவரின் பரப்போ நான்மடங்கே ஆகும். எண்மடங்கு சூடு நான்மடங்கு சுவர்வழியே வெளியேற வேண்டியிருத்தலின், குளிர்நீர்க் குழாய்களை உள்ளே வளைத்து வைத்தாலன்றி உயிர் வெந்து மடியும். இவற்றோடு, வேற்று நுண்ணுயிர் ஒன்றேனும் புகுந்தால் தொட்டி முழுதும் பாழ். அனைத்தையும் நீராவியால் தூய்மை செய்து, புகும் காற்றையும் வடிகட்டல் வேண்டும். இவை உயிர்நூலார் மட்டும் அறிந்து தீர்க்கும் சிக்கல்களல்ல. பொறிநூலார் மட்டும் தீர்ப்பனவுமல்ல.

நியூயார்க்கு நகரத்துப் புரூக்ளின் பகுதியில் பைசர் கம்பெனியார் பழைய பனிக்கட்டித் தொழிற்சாலை ஒன்றை வாங்கி, ஒவ்வொன்றும் 7,500 காலன் கொள்ளும் 14 தொட்டிகளை அமைத்து, 1944-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் வேலை தொடங்கினர். மூன்று திங்கள் கழித்து நேசநாட்டுப் படை நார்மண்டிக் கரையில் இறங்கியபோது, காயமுற்றார்க்கு வேண்டிய பெனிசிலின் கைவசம் இருந்தது. ஒரு சேவகர்க்குப் போதாமற் போனது மூன்றாண்டுக்குச் சற்று மிகுந்த காலத்தில் ஒரு படைக்கே போதியதாயிற்று என்க. ஆழ்தொட்டி முறையில் பெனிசிலின் ஆக்கும் தொடக்ககால ஆலையை வகுத்தவருள் முதன்மையாகக் குறிக்கப்படுபவர் மார்கரெட் ஹச்சின்ஸன் ரூஸோ என்னும் அம்மையார். இவர் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1937-ஆம் ஆண்டு வேதிப் பொறியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர்; அங்கு அத்துறையில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணியும் இவரே. பொறியியல் பெண்மக்கட்கு ஒவ்வாதென்று கூறும் நம்மவர் இப்பெயரை நினைவிற் கொள்வாராக.

1945-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பிளெமிங், புளோரி, செயின் ஆகிய மூவர்க்கே வழங்கப்பெற்றது. தொட்டி வகுத்தார் பெயர் உலகத்தார் நாவில் நிற்கவில்லை. மட்கலம் வரைந்த ஹீட்லிக்கு ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம் 1990-ஆம் ஆண்டிலேதான் கௌரவ மருத்துவ டாக்டர் பட்டம் அளித்தது. கண்டோர்க்குப் புகழும் ஆக்கினோர்க்கு மறதியும் என்பது தறியிற் பிறந்த நம் மரபினர்க்குப் புதியதோர் அநுபவமன்று.

போருக்குப் பின்னர், இவ்வேலைக்கு உரியாரைப் பயிற்றும் பொறுப்பைக் கல்விச்சாலைகள் ஏற்றன. எல்மர் கேடன் என்பார் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், பெனிசிலின் பூஞ்சணத்திற்கு எவ்வளவு பிராணவாயு எவ்விகிதத்தில் வேண்டுமென்பதை ஆராய்ந்து 1949-ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். உயிர்வேதிப் பொறியியலின் தந்தை என அவரைக் கூறுவது வழக்கு. 1960-களில் அமெரிக்காவின் வட கரோலினா, மிஸிஸிப்பி ஆகிய மாகாணங்களில் வேளாண்மைப் பொறியியற் பகுதியினர், கலப்பையும் டிராக்டரும் மட்டும் தம் கல்வியாகாதென்று உணர்ந்து, மண், நீர், உணவு, விலங்கு ஆகிய உயிர்த்தொடர்புடைய யாவற்றையும் சேர்த்துத் தம் துறையின் பெயரில் 'உயிரியல்' என்பதையும் இணைத்துக்கொண்டனர்.

இரண்டாவது திருப்பம் 1973-ஆம் ஆண்டு நேர்ந்தது. அவ்வாண்டு ஸ்டான்லி கோஹென், ஹெர்பர்ட் பாயர் என்போர் ஓர் உயிரின் மரபணுவை வேறோர் உயிருட் புகுத்தி இயங்கச் செய்யும் முறையை வெளியிட்டனர். நீரிழிவுக்குரிய இன்சுலின் 1921-ஆம் ஆண்டு டொரோண்டோ நகரிற் கண்டறியப்பெற்றதுமுதல், பன்றி மாடுகளின் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டு வந்தது. 1978-ஆம் ஆண்டு மனித இன்சுலினுக்குரிய மரபணுவைக் குடலில் வாழும் ஒரு சிறு நுண்ணுயிரிற் புகுத்தி, அதனைக்கொண்டே இன்சுலினை ஆக்குவித்தனர். 1982-ஆம் ஆண்டு அமெரிக்க அரசாங்கம் அம்மருந்தை விற்க அநுமதியளித்தது. நம் இல்லங்களில் நாள்தோறும் ஊசி ஏற்றிக்கொள்ளும் பெரியோர் பலர் இம்முறையால் ஆகிய இன்சுலினையே கொள்கின்றனர். இதுகாறும் உயிர் வளரும் தொட்டியை வகுத்த பொறியியல், இப்போது தொட்டியினுள் வளரும் உயிரையே வகுக்கலாயிற்று.

இத்திருப்பத்தின் பயனாக, மேற்கூறிய மாஸசூஸெட்ஸ் கழகத்தில் 1998-ஆம் ஆண்டு இதற்கெனத் தனிப் பிரிவொன்று அமைந்தது. 2005-ஆம் ஆண்டு இளங்கலை மாணவர்க்கு உயிரியற் பொறியியல் என்னும் பெயராலேயே பட்டப் படிப்பு ஏற்பட்டது. யந்திரப் பொறியியலுக்குப் பௌதிகமும், வேதிப் பொறியியலுக்கு வேதியியலும் அடிப்படையானவாறு, உயிர்நூலையே அடிப்படையாகக் கொண்டதொரு பொறியியல் வேண்டுமென்பது அதனை அமைத்தார் கருத்து. மருத்துவர்க்குக் கருவி செய்து தருதல் மட்டும் இதன் நோக்கமன்று.

அங்கே மாணவர் கற்பது யாதெனின், முதலாண்டில் கணிதம், பௌதிகம், வேதியியல், உயிரியல் நான்கும் தவிர்க்கலாகாதவை. அடுத்து, உயிர்மூலக்கூறுகளின் வெப்ப ஆற்றல் இயல். உயிரணுவினுள் ஒரு பொருள் மற்றொன்றை ஏவியும் தடுத்தும் நிற்கும் பின்னலைக் கணக்கிடுதல். திசுக்களில் நீரும் பொருளும் மின்விசையும் பாயும் முறை ஆகியன. இவற்றோடு இரு பெரும் செய்முறைப் பயிற்சிகள். ஒன்றில் மரபணுவையும் புரதத்தையும் கையாண்டு, கண்டதைப் பிழையற எழுதப் பயிலுகின்றனர். மற்றொன்றில் நுண்ணோக்கி முதலிய கருவிகளைத் தம் கையாலேயே கட்டுகின்றனர். இறுதியில் பலர் கூடி ஒரு புதுப் பொருளை வகுத்துக் காட்டல் வேண்டும். இப்பாடமுறையை நோக்குங்கால், உயிர்நூல் பாவாகவும் கணிதம் ஊடாகவும் ஓடுதல் காணலாம். பாவு அறுந்தாலும் ஊடு அறுந்தாலும் துணி இல்லை. 'உயிரியல்' என்ற பெயரைக் கண்டு, கணிதத்திற்கு அஞ்சி இதனை நாடும் மாணவர் இரண்டாம் ஆண்டிற் பெரிதும் இடர்ப்படுவர்.

நம் நாட்டிலும் இதன் வேர் பெனிசிலினிலேயே ஊன்றிற்று. 1954-ஆம் ஆண்டு புனே நகரையடுத்த பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் என்னும் அரசாங்கத் தொழிற்சாலை நிறுவப்பெற்று, அடுத்த ஆண்டிற் பெனிசிலின் ஆக்கத் தொடங்கிற்று. மத்திய அரசாங்கம் 1986-ஆம் ஆண்டு உயிர்த்தொழில்நுட்பத்திற்கெனத் தனி இலாகா ஏற்படுத்தியது. அதற்கடுத்த ஆண்டு சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் உயிர்த்தொழில்நுட்ப மையம் தோன்றிற்று. சென்னை ஐ. ஐ. டி. 2004-ஆம் ஆண்டு இதற்கொரு துறை அமைத்தது. அங்கே இப்போது உயிரியற் பொறியியல் என்ற பெயரிலேயே நான்காண்டு பி. டெக். படிப்பு நடைபெறுகின்றது. 1997-ஆம் ஆண்டு ஹைதராபாத்துச் சாந்தா பயோடெக்னிக்ஸ் கம்பெனியார், மஞ்சட்காமாலையின் ஒரு வகையாகிய ஹெபடைடிஸ்-பி நோய்க்குரிய தடுப்பு மருந்தை, மரபணு மாற்றிய ஈஸ்ட்டைக் கொண்டு ஆக்கி, அயல்நாட்டு மருந்தினும் மிகக் குறைந்த விலைக்கு விற்றனர். ஏழைகட்கு எட்டாதிருந்த ஊசி எட்டியது ஆலை வகுப்பாலும் ஆயிற்று. மருத்துவ அறிவால் மட்டும் ஆயிற்றில்லை. இதற்கு அயற்கலையாகிய மருத்துவப் பொறியியலில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தார் பல முறை தோல்வியுற்றும் தளராது ஆக்கிய இருதய வால்வு 1990-ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதல் ஒருவர்க்குப் பொருத்தப்பட்டது. அவ்வால்வை இருதயத்தோடு சேர்த்துத் தைக்கும் வளையம் பாலியெஸ்டர் துணியாலாயது என்பது நெசவர் கேட்டு மகிழத்தக்க செய்தி.

இனி, நம் சங்கத்தார்க்கு யாம் கூறவேண்டுவது ஒன்றுளது. நம் கல்வி நிதியின் விதிகளில் மருத்துவத்திற்கும் பொறியியலுக்கும் முழு உதவியும், 'பிற படிப்பு'களுக்குப் பாதி உதவியும் என வகுத்துள்ளது. உயிரியற் பொறியியல் கற்பார் விண்ணப்பங்கள் பெயரளவு நோக்கிப் பிற படிப்புக்குள் வைக்கப்படுகின்றன. பி. டெக். பட்டத்திற்குரிய இப்படிப்பைப் பொறியியலின் வேறாக்குதற்கு யாம் காரணம் காண்கிலோம். பாதி உதவியால் விடுதிக் கட்டணத்தை ஈடுசெய்ய இயலாது. தந்தையை இழந்த மாணவி ஒருத்தி, தானே முயன்று பெற்ற இவ்விடத்தை விடுத்து, மருத்துவ நுழைவுத் தேர்வை இன்னும் ஓராண்டு எழுதுமாறு தாய்மாமன்மாரால் வற்புறுத்தப்படுகின்றாள் என அறிகின்றோம். மாமன்மார் கருத்து அன்பினால் எழுந்ததே. எனினும், 2017-ஆம் ஆண்டுமுதல் நம் மாநிலத்து மருத்துவ இடங்கட்கும் நீட் தேர்வே வாயிலாகிவிட்டமையின், காத்திருத்தலால் இடம் உறுதி என்று எவரும் சொல்லவியலாது. கையிலுள்ள படிப்போ அவள் விரும்பியது.

இதனை யாம் உயர்த்திக் கூறுவதால் குறை மறைத்தோம் என்று ஒருவரும் கருதற்க. இப்பட்டம் பெற்றோர் நோயாளியைப் பார்த்து மருந்தெழுதும் உரிமை பெறார். ஆராய்ச்சி வேலை வேண்டுவோர் பெரும்பாலும் முதுகலையோ டாக்டர் பட்டமோ பெறும்வரை தொடர்ந்து கற்கவேண்டும். அஃது ஆறு ஏழு ஆண்டு கூடுதலாகக் கொள்ளும். நான்காம் ஆண்டின் முடிவிலேயே குடும்பத்தைத் தாங்கும் ஊதியம் வேண்டுமென்னும் இல்லத்தார் இதனை முன்னரே எண்ணிக்கொள்ளல் நன்று. கணக்கிடவும் கணிப்பொறிக்கு நிரல் எழுதவும் உடன் கற்றவர் மருந்து, தடுப்பூசி, உணவு முதலிய ஆலைகளிலும் பிற இடங்களிலும் வேலை பெற வழி விரிகின்றது.

பெற்றோர் பலர் தவறவிடும் செய்தியொன்று: ஐ. ஐ. டி. சேர்க்கைக்குரிய ஜே. இ. இ. தேர்வில் உயிரியல் வினாவே இல்லை. கணிதம், பௌதிகம், வேதியியல் மூன்றே உள. தமிழ்நாட்டுப் பொறியியற் சேர்க்கையிலும் 200 மதிப்பெண்ணில் கணிதத்திற்கு 100, பௌதிகத்திற்கு 50, வேதியியலுக்கு 50 என்றே கணக்கிடுவர். ஆகவே, பதினொன்றாம் வகுப்பிற் கணிதம் இல்லாத தூய அறிவியற் பிரிவை எடுத்த மாணவர்க்கு இவ்வாயில் அப்போதே அடைபட்டுவிடும். கணிதமும் உயிரியலும் ஒருங்கே அமைந்த பிரிவில் சேர்ந்தார்க்கு மருத்துவம், பொறியியல் இரண்டு வாயிலும் திறந்திருக்கும். அப்பிரிவு எல்லாப் பள்ளியிலும் இல்லை. உள்ள பள்ளியிலும் இடம் சிலவே. பத்தாம் வகுப்பு முடிவு வெளிவரும் வரை காத்திராது, அதற்கு முன்னரே தலைமையாசிரியரைக் கண்டு வினவிக்கொள்க.